வானியலார் சந்திரசேகரின் குடியுரிமை மனு

பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வரையில், இருப்புப் பாதையின் இருமருங்கிலும் அமைந்துள்ள குடியிருப்புகளில், பிள்ளையையோ பெண்ணையோ அயல்நாட்டுக்கு அனுப்பாத தெரு ஒன்றைக் காண்பது அரிது. திரிசூலம் நிலையத்தில் இறங்கி எதிரே விமான நிலையத்துக்குப் பெட்டியும் கையுமாக நடந்து செல்லும் குடும்பங்களைக் கண்டால் கதை விளங்கிவிடும். முதலில் மேற்படிப்பு, அடுத்து வேலை, அதன்பின் நிரந்தரமாகத் தங்குவதற்குரிய பச்சை அட்டை. பின்னர் ஒரு நாள், அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது என்றும் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தாயிற்று என்றும் செய்தி வரும். தாய் மகிழ்ச்சியோடு அண்டை வீட்டாருக்குச் சொல்வார். ஓய்வு பெற்ற தந்தை ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

கணிப்பொறித் தொழில் வந்தபின் நேர்ந்த மாற்றம் இது எனக் கருதுவோர் பலர். ஆனால் 1953-ஆம் ஆண்டிலேயே இதே செய்தி சென்னைக் குடும்பம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பெற்றவர் கணக்குத் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்ற சி. சுப்பிரமணிய ஐயர். செய்திக்கு உரியவர் அவருடைய மூத்த மகன், வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தென்சென்னையில் தரமணியில் இயங்கிவரும் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தவர் என்ற முறையில் இப்பகுதியினருக்கு அவர் உரியவர். எனினும் அந்நிறுவனத்தைத் தொடங்கி வைத்த நாளில் அவர் இந்தியக் குடிமகனாக இருக்கவில்லை என்பதைப் பலரும் நினைவில் கொள்வதில்லை.

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை வடமேற்கு இரயில்வேயின் தணிக்கைப் பிரிவில் பணியாற்றிவந்த காலம் அது. பத்து மக்களுள் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். 1918-இல் தந்தை சென்னைக்கு மாற்றப்படவே குடும்பம் இங்கேயே நிலைகொண்டது. மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட் சாலையில் எழுந்த அவர்களது இல்லத்துக்குச் சந்திர விலாஸ் என்று பெயர். தந்தையார் வயலின் வாசிப்பவர். தென்னிந்திய இசையின் இலக்கணம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். கணவன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் நோராவின் கதையை, அந்நாளில், பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் தமிழாக்கினார் என்பதை எண்ணும்போது வியப்பே மிகுகிறது. வீணை விற்பன்னரும் இசையறிஞருமான வித்யா சங்கர் இவருடைய தங்கை. சர் சி. வி. இராமன் சிற்றப்பா.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930-இல் அரசின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் செல்ல வாய்ப்பு அமைந்தது. அப்போது தாயார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். மூத்த மகன் இந்நிலையில் கடல் கடப்பதா என்று உறவினர் தயங்கினர். போய்த்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அத்தாயே. 1930 ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினார். அக்கப்பலில் அமர்ந்து பத்தொன்பது வயது இளைஞர் போட்ட கணக்குத்தான், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மை உடைய விண்மீன் வெண்குள்ளனாக அடங்கி ஓய முடியாது என்னும் முடிவுக்கு வித்திட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தாயார் மறைந்தார். மகன் தொலைவில் இருந்தார்.

கேம்பிரிட்ஜ் ஆண்டுகளைப் பற்றியும், 1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அவருடைய முடிவை எள்ளி ஒதுக்கியதைப் பற்றியும் தமிழில் நிறையவே எழுதப்பட்டுள்ளது. இங்கு வேண்டுவது அதன் விளைவு மட்டுமே. இங்கிலாந்தில் தமக்கு நிலையான இடம் அமையாது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இந்தியாவிலோ ஆய்வுப் பதவிகள் சிலவே. அவற்றைச் சுற்றிப் பூசல்கள் பல. மகன் தாயகம் திரும்ப வேண்டும் என்பது தந்தையின் ஆவல். இந்நிலையில் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில், வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூரில், சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்கு உரிய யெர்க்ஸ் வானாய்வகத்தின் தலைவர் ஆட்டோ ஸ்ட்ரூவே அவரை அழைத்திருந்தார்.

1936-இல் ஆறாண்டுகளுக்குப் பின் சந்திரசேகர் சென்னைக்கு வந்தார். அவ்வருகையில் இரு செயல்கள் நிறைவேறின. மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதாவைச் செப்டம்பரில் மணந்தார். மற்றொன்று, பேராசிரியர் ஹார்டி இட்ட பணி. கணித மேதை இராமானுசனின் நல்ல புகைப்படம் ஒன்று கிடைக்குமா என்று ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகர், இராமானுசனின் துணைவியார் ஜானகி அம்மாளைக் கண்டு கேட்டபோது, அவரிடம் இருந்தது கணவரின் பழைய கடவுச்சீட்டு ஒன்றே. அதில் ஒட்டப்பட்டிருந்த படம்தான் இன்று உலகம் அறிந்த இராமானுசனின் முகம். ஒரு மனிதன் எந்நாட்டான் என்று காட்டுவதற்காக எடுக்கப்பட்ட படம், அவன் யார் என்று காட்டுவதற்கு மிஞ்சிய ஒரே சான்றாயிற்று. அதைத் தேடி எடுத்தவர் சில திங்களில் தாமே வேறொரு நாட்டின் வாயிலில் நிற்கப் போகிறவர்.

அவ்வாயில் எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட மண்டலமாக்கி, அங்கிருந்து குடியேறுவோரைத் தடுத்தது. குடியுரிமைச் சட்டமோ வெள்ளை இனத்தார்க்கும் ஆப்பிரிக்க வழியினர்க்கும் மட்டுமே இடம் தந்தது. பஞ்சாபைச் சேர்ந்த பகத் சிங் திண்ட் என்பவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவர். தாம் ஆரிய இனத்தவர், ஆகவே வெள்ளையர் என்று வழக்காடினார். 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் வழக்கில் இந்தியர் வெள்ளையர் ஆகார் என்று தீர்த்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது திரும்பப் பறிக்கப்பட்டது. அவ்வாறு இழந்தவருள் ஒருவரான வைஷ்ணோ தாஸ் பாகாய் என்னும் சான்பிரான்சிஸ்கோ வணிகர், எந்நாட்டுக்கும் உரியவரல்லாத நிலை தாளாமல் 1928-இல் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். 1924-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தார் குடிபுகுவதையே மறுத்தது; சமயப் போதகர்க்கும் பேராசிரியர்க்கும் சிறு விலக்கு உண்டு.

ஆக, 1937 ஜனவரியில் சந்திரசேகர் யெர்க்ஸில் பணியேற்றபோது, அறிவுக்காக வரவேற்கப்பட்ட அந்நாட்டில் குடிமகனாக விண்ணப்பிக்கவும் அவருக்கு உரிமை இல்லை. வேற்றுமை சட்டப் புத்தகத்தோடு நிற்கவுமில்லை. 1938-இல் சிக்காகோ வளாகத்தில் வானியல் விரிவுரைகளுக்கு ஏற்பாடு செய்யப்பட்டபோது, இந்தியர் ஒருவர் அங்கு வந்து பாடம் சொல்வதற்குப் புல முதல்வர் மறுப்புத் தெரிவித்தார். பல்கலைக்கழகத் தலைவர் இராபர்ட் ஹட்சின்ஸ் அம்மறுப்பைத் தள்ளிவிட்டு, சந்திரசேகர் பாடம் நடத்தியே தீர வேண்டும் என்று ஆணையிட்டார். போர்க்காலத்தில் மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் படைக்கல ஆய்வுக்களத்துக்குச் சென்று குண்டுகளின் பாய்ச்சல் பற்றிய ஆய்விலும் அவர் ஈடுபட்டார். அந்நாட்டின் போருக்கு அவருடைய கணக்குகள் பயன்பட்டன. அதன் வாக்குச்சீட்டு அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

1946 ஜூலை 2-ஆம் நாள் லூஸ்–செல்லர் சட்டம் கையொப்பமானது. இந்தியரும் பிலிப்பீனியரும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்றும் அச்சட்டம் கூறியது. நாற்பது கோடி மக்கள் வாழ்ந்த நாட்டுக்கு நூறு! ஆயினும் கதவு திறந்தது. பஞ்சாபில் பிறந்த தலீப் சிங் சவுந்த் 1949-இல் குடியுரிமை பெற்று, 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சந்திரசேகர் அப்போதே அங்கு ஒன்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து முடித்திருந்தவர். சட்டம் கேட்டது ஐந்தாண்டு. அன்றே மனுப் போட்டிருக்கலாம், போடவில்லை. மேலும் ஏழாண்டுகள் கடந்தன. அந்த ஏழாண்டுகளே இவ்வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்கவை. வசதிக்காகவும் பயனுக்காகவும் நாடு மாறுகிறவர் அத்தனைக் காலம் காத்திரார். இந்தியா விடுதலை பெற்றது. ஹோமி பாபா பம்பாயில் தொடங்கிய ஆய்வு நிறுவனத்துக்கு அவரை அழைத்திருந்தார். தந்தையின் எதிர்பார்ப்பு குன்றவில்லை. இடையே பிறந்த ஊரின் நிலையும் மாறிற்று. 1947-இல் லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. மயிலாப்பூரில் வளர்ந்த தமிழர், படிவங்களில் பிறந்த இடத்தை நிரப்பும்போது மூன்றாவதொரு நாட்டின் நகரைக் குறிக்க வேண்டியவரானார். 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம் இத்தகையோரை மறந்துவிடவில்லை. பிரிவினைக்கு முற்பட்ட இந்தியாவில் தாமோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ பிறந்திருப்பின், அயல்நாட்டில் வாழ்வோரும் நம் தூதரகத்தில் பதிந்து குடிமக்களாகலாம் என்று அதன் 8-ஆம் உறுப்பு வழிசெய்தது. இரு நாடுகளின் கதவுகளும் அவருக்குத் திறந்திருந்தன என்றே கொள்ளலாம்.

முடிவை விரைவுபடுத்தியது 1952-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல். இருபெருங் கட்சிகளின் மாநாடுகளும் அவ்வாண்டு சிக்காகோவில் கூடின. மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளர் இல்லினாய் ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன். நயமும் சிந்தனையும் கலந்த மேடைப் பேச்சுக்குப் பெயர் பெற்றவர். மெக்கார்த்தியின் வேட்டையில் அறிவாளர் பலர் ஐயத்துக்கு ஆளாகிவந்த காலம் அது. சந்திரசேகரும் லலிதா அம்மையாரும் ஸ்டீவன்சனின் தேர்தல் பரப்புரையில் உள்ளம் ஈடுபட்டனர். ஆனால் அயலார் ஆதலின் வாக்களிக்க முடியவில்லை. நவம்பர் 4-இல் ஸ்டீவன்சன் ஐசனோவரிடம் தோற்றார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, வரி செலுத்தி, மாணவரைப் பயிற்றுவித்த மண்ணில் தாம் வெறும் பார்வையாளர் என்பது அத்தேர்தலில் அவர்களுக்கு உறைத்தது. தோற்ற வேட்பாளர் ஒருவர் அந்நாட்டுக்குப் பெற்றுத்தந்த குடிமக்களுள் இவர்கள் இருவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

அத்தேர்தலுக்கு அடுத்த மாதத்தில் மெக்காரன்–வால்டர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமைக்கு இனம் ஒரு தடையாக இருந்த நிலையை அது முற்றிலும் நீக்கியது. அதே வேளையில், பொதுவுடைமைத் தொடர்பு உண்டா என்று துருவிக் கேட்பதையும் கடுமையாக்கியது. விண்ணப்பிப்பவர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தல் வேண்டும். நன்னடத்தைக்கு இரண்டு குடிமக்கள் சாட்சி கூற வேண்டும். ஆங்கில அறிவும், அந்நாட்டு வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய அறிவும் தேர்வு செய்யப்படும். இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகப் 1944-இலேயே ஏற்கப்பட்டவர்க்கும், ஷேக்ஸ்பியரில் ஊறியவர்க்கும், தாம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய சட்டம் ஒன்றே. சட்டத்தின் முன் அனைவரும் நிகர் என்பதற்கு இதைவிட இனிய சான்று வேண்டுமோ!

கடைசிப் படி உறுதிமொழி. புதிய குடிமகன் தனக்கு முன்னிருந்த அரசின்பால் கொண்ட பற்றையும் கடப்பாட்டையும் அறவே துறப்பதாகச் சூளுரைக்க வேண்டும். துறத்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள எடையை நம் கவிஞர்கள் அறிவர். 1953-இல் சந்திரசேகரும் லலிதா அம்மையாரும் அவ்வுறுதியை ஏற்று அமெரிக்கக் குடிமக்கள் ஆயினர்.

சென்னையில் தந்தையார் மனம் நொந்தார். மகன் தொலைவில் வாழ்வதை அவர் பழகிக்கொண்டிருந்தார். என்றேனும் திரும்புவான் என்ற நினைவு அப்பிரிவைத் தாங்க உதவியது. குடியுரிமை மாற்றம் அந்நினைவுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பணிக்காலம் முழுவதும் ஆங்கில அரசின் கணக்கேடுகளைச் சரிபார்த்த அதிகாரி, விடுதலை பெற்று ஆறே ஆண்டுகள் ஆன நாட்டை மகன் துறந்ததைத் தாங்கிக்கொள்ள முடியாமற் போனதில் முரண் இருப்பதாகச் சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுவது முறையன்று. பிறர் ஆட்சியில் வாழ்ந்து முடித்த தலைமுறைக்குத் தான் அடையாத உரிமையைத் தன் மக்கள் அடைவர் என்பதே ஆறுதல். அவ்வுரிமை கைக்கு வந்தபோது மூத்த மகன் அதை வேண்டாவென்றது போல் அவருக்குத் தோன்றியிருப்பின், அது இயல்பே. மகன் பக்கமும் நியாயம் உண்டு. அவர் இந்தியாவை வெறுத்து விலகவில்லை. வாழும் ஊரில் வாய்திறக்கும் உரிமையை நாடினார். சட்டமோ ஒன்றைக் கொண்டால் மற்றொன்றை விடவேண்டும் என்றது. 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டமும் அதையே வலியுறுத்திற்று. அயல்நாட்டுக் குடிகளாகிவிட்ட இந்திய வழியினர்க்குத் தனி அட்டை வழங்கும் ஏற்பாடு 2005-இல்தான் சட்டமாயிற்று. அப்போது தந்தையும் இல்லை, மகனும் இல்லை.

அதே ஆண்டுகளில் தமிழர் வேறு சிலரும் குடியுரிமை மனுக்களோடு நின்றனர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழருள் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளி, தன் பிறப்புக்குச் சான்று காட்ட இயலாமல் தோற்றான். இரு நாட்டுக் கதவுகளும் திறந்திருந்த பேராசிரியரின் மனத்தாங்கலை அவனது அல்லலோடு ஒப்பிடல் தகாது. எனினும் தாள் ஒன்றின் வலிமையை இரண்டு வரலாறுகளும் உணர்த்தவே செய்கின்றன. எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. ஆங்கில உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

சுப்பிரமணிய ஐயர் 1960-இல் காலமானார். 1962 ஜனவரி 3-ஆம் நாள், அல்லாடி இராமகிருஷ்ணன் அரும்பாடுபட்டு உருவாக்கிய கணித அறிவியல் நிறுவனம் மாநிலக் கல்லூரியில் தொடங்கப்பெற்றது. தொடங்கி வைத்தவர் சந்திரசேகர். தாம் பட்டம் பெற்ற கல்லூரி. தம் மணவாழ்வுக்கு வித்திட்ட வளாகம். சற்றுத் தொலைவில் தாம் வளர்ந்த மயிலாப்பூர். வந்திருந்தவர் கண்ணுக்கு அவர் நம்மவர். ஆவணத்தின்படி அவர் வருகை தந்த வெளிநாட்டவர். இந்தியா வந்து பணியாற்ற வேண்டும் என்று விரும்பிய தந்தை அவையில் இல்லை. அந்நிறுவனம் பின்னர் தரமணிக்கு இடம்பெயர்ந்து, இன்றளவும் நாடெங்கிலுமிருந்து மாணவரை ஈர்த்து வருகிறது.

அமெரிக்கா அவருக்கு 1966-ஆம் ஆண்டுக்குரிய தேசிய அறிவியல் பதக்கத்தை அளித்தது. இந்தியா 1968-இல் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1983-இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது நம் நாட்டில் எழுந்த பெருமிதத்துக்கு அளவில்லை. துறந்தவர் என்று அன்று எவரும் நினைக்கவில்லை. அவர் வில்லியம்ஸ் பேயை விட்டு 1964-இலேயே சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். புலால் உண்ணாதவராகவே வாழ்ந்தார். ஷேக்ஸ்பியர், நியூட்டன், பேத்தோவன் மூவரையும் ஒருங்கு வைத்துப் படைப்பாற்றலின் இயல்பை ஆராய்ந்து 1975-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவு, கவிதை எழுதுவோர் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று. அறிவியலாரின் ஆற்றல் வயது ஏற ஏறக் குன்ற, கலைஞரின் ஆற்றல் முதிர்வது ஏன் என்னும் வினாவை அதில் எழுப்பினார். தம் வாழ்நாளில் அவ்விதியை அவரே பொய்ப்பித்தார். நியூட்டனின் பிரின்சிப்பியா குறித்த பெருநூல் வெளிவந்த 1995-ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 21-ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில் சிக்காகோவில் மறைந்தார்.

1999 ஜூலையில் அமெரிக்கா விண்ணில் ஏவிய ஊடுகதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிடப்பட்டது. லலிதா அம்மையார் அதன்பின்னும் சிக்காகோவிலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். 1952-இல் வாக்கில்லாமல் ஸ்டீவன்சனின் தோல்வியைக் கண்ட அவர், ஆப்பிரிக்கத் தந்தைக்குப் பிறந்த சிக்காகோவாசி பராக் ஒபாமா அந்நாட்டின் தலைவராக இருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கண்டபின், 2013 செப்டம்பரில், நூற்றிரண்டாம் வயதில் காலமானார்.